டபுள்கார்ட்டின்: பதின்மூன்று இழைகளின் கணக்கு

செல்லுக்குள் சாரம் கட்டியதுபோல் நிற்கும் நுண்குழாய்கள், டியூபுலின் புரதம் இழையிழையாகச் சேர்ந்து வளைவதால் உருவாகும் 25 நானோமீட்டர் விட்டமுள்ள உருளைகள். சோதனைக் குழாயில் தூய டியூபுலினை மட்டும் விட்டால் இழைகளின் எண்ணிக்கை 13, 14, 15 என மாறிக்கொண்டே இருக்கும். நம் செல்களிலோ பெரும்பாலும் 13தான்.

வளரும் நரம்புச் செல்களில் இந்த ஒழுங்குக்குத் துணைநிற்கும் புரதங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது டபுள்கார்ட்டின். தனித்தனியே மடியும் இரண்டு டொமைன்கள், அதாவது புரதப் பகுதிகள், அதில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பக்கத்துப் பக்கத்து இழைகளுக்கு இடையிலான பள்ளத்தில், இரண்டிரண்டாகச் சேர்ந்த டியூபுலின் இணைகள் நான்கு கூடும் மூலையில், கொத்தனார் செங்கற்களுக்கு இடையே சாந்து வைப்பதுபோல் இப்புரதம் பொருந்தி, 13 இழைகளுக்கு உரிய வளைவை நிலைப்படுத்துகிறது. (சாந்துக்கு எண்ணத் தெரியாது என்பதால் உவமை இங்கே சற்று நொண்டுகிறது.)

எக்ஸ் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு 1998இல் கண்டறியப்பட்டது. அது பழுதானால், வளரும் மூளையில் நரம்புச் செல்கள் தம் இடத்துக்கு நகர்ந்து செல்வது தடைபட்டு, ஆண் குழந்தைகளில் பொதுவாக மூளையின் மடிப்புகள் குறைந்து மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். பெண்களில் ஒவ்வொரு செல்லிலும் இரு எக்ஸ்களில் ஒன்று முடக்கப்படுவதால், சில நரம்புச் செல்கள் சரியான இடத்தைச் சென்றடைய, மற்றவை பாதி வழியில் நின்று, மூளையின் வெளி அடுக்கான புறணிக்கு (கார்டெக்ஸ்) அடியில் இன்னொரு பட்டையாகத் தங்கிவிடுகின்றன. புரதத்தின் பெயரே அந்த இரட்டைப் புறணியிலிருந்து வந்ததுதான். நோய் தரும் ஒற்றை அமினோ அமில மாற்றங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டு டொமைன்களுக்குள்ளேயே குவிந்துள்ளன.