மாத்திரை மட்டும்தானே என்பவர்களுக்கு

“கீமோ கிடையாது, தினமும் ஒரு மாத்திரை மட்டும்தான்” என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, மும்பை செம்பூரில் எங்களைச் சுற்றியுள்ள உறவினர்கள் பெருமூச்சு விட்டார்கள். புகைப்பழக்கம் அறவே இல்லாத என் மனைவிக்கு வந்த நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால் ஓசிமெர்டினிப் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். ஆசியாவில், குறிப்பாகப் புகைபிடிக்காத பெண்களிடம், இந்த மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது, ஆகவே “வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா?” என்று அவளிடம் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டாலே பெரிய உதவி.

அந்த மரபணு உருவாக்கும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் தோலிலும் நகத்தைச் சுற்றியும் குடலின் உட்புறத்திலும் இயல்பாகவே இருக்கிறது. புற்றுக்கட்டியில் அதைத் தடுக்கும் மருந்து இந்த இடங்களையும் ஓரளவு தொடுவதால்தான் முகத்தில் பருக்கள், வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், நகச்சுற்று எல்லாம் வருகின்றன. அந்தப் பருக்களுக்கு இளவயதினர் பூசும் களிம்பு உதவாது. அது ஏற்கெனவே வறண்ட தோலை மேலும் வறட்டிவிடும். வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பும் வெயில் காப்புக் களிம்பும்தான் எங்களுக்கு முதலில் சொல்லப்பட்டவை.

அவளை மிகவும் வாட்டியது நகச்சுற்று. புளி கரைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் முடியாமல் போனபோது, எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொள்ளும்படி பெரியம்மா அன்போடு சொன்னார். மருந்தால் வெடித்துச் சிவந்திருக்கும் தோலில் அந்தப் புளிப்பு பட்டால் என்ன எரிச்சல் எரியும் என்பதை அவருக்கு விளக்கிவிட்டு, விரலைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டினோம். தடவ மருந்து எழுதித் தந்தார். அன்றிலிருந்து தண்ணீர் படும் வேலைகள் என்னுடையவை. தெரிந்தவர்கள் அனுப்பும் மூலிகைப் பொடிகளையும் கேட்காமல் கொடுப்பதில்லை, ஏனெனில் சில மூலிகைகள் இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடக்கூடும்.

துணையாக இருப்பவரின் முதன்மையான வேலை, மறைக்கப்படுவதை வெளியே கொண்டுவருவது என்றே நான் கருதுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் என் மனைவி எதையும் குறைத்தே சொல்வாள். நான்கு முறை வயிறு போனால் மருத்துவர் முன் “கொஞ்சம் இளக்கம்தான்” என்பாள். தேவைப்பட்டால் சில நாள் இடைவெளி விட்டோ, தினசரி அளவான 80 மில்லிகிராமை 40 ஆகக் குறைத்தோ சிகிச்சையைத் தொடரமுடியும் என்பதை மருத்துவர் வாயாலேயே அவள் கேட்கவேண்டும் என்று விரும்பினேன், கேட்டாள். இப்போது எத்தனை முறை போயிற்று என்பதை அவளே சொல்கிறாள். மோரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் நான் எடுத்துவைக்கிறேன்.

ஒன்றில் மட்டும் நான் அவள் பேச்சைக் கேட்பதில்லை. சேடா நகர் முருகன் கோயில் படிகளில் ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினாலும், இருமல் கூடினாலும், காய்ச்சல் வந்தாலும், “வயசாகிறதல்லவா” என்ற பதிலை ஏற்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்துவிடுகிறேன். இந்த மருந்து அரிதாக நுரையீரலிலேயே அழற்சியை உண்டாக்கும். அந்தச் சந்தேகம் எழுந்தால் மாத்திரையை நிறுத்திவைத்துச் சோதிக்கவேண்டும். மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை எங்கள் மகனுக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் கொடுத்து வைத்திருக்கிறேன். நான் வெளியூரில் இருந்தாலும் அழைப்பு அன்றே போகவேண்டும்.