தொழில் என்ற கட்டத்தில் என்ன போடுவது?

மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், கொலம்பஸ் நகரம். பதினான்கு வருடமாக இங்கே வரிக் கணக்குப் போட்டுத் தருகிறேன். டிரக் ஓட்டுபவர்கள், சின்ன உணவகம் நடத்துபவர்கள், ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மூர் ஐடி ஆட்கள் என்று வழக்கமாக வருபவர்கள் உண்டு. 2022 முதல் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. கல்லூரி அணிகளில் ஃபுட்பால் ஆடும் பையன்கள். நாம் கால்பந்து என்று சொல்வது வேறு. இது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம்.

2024 மார்ச்சில் ஒரு பையன் அம்மாவோடு வந்தான். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை யாரும் நெருங்கவிடாமல் முன்வரிசையில் நின்று தடுப்பது அவன் வேலை. ஆறரை அடி உயரம். எங்கள் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே அவனால் உட்கார முடியவில்லை; உள்ளே போய்க் கைப்பிடி இல்லாத ஒன்றை எடுத்து வந்தேன். அம்மா இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். மளிகைக் கடைப் பை ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே, சம்பளமாக இல்லாமல் வந்த வருமானத்தைக் காட்டும் மூன்று 1099 படிவங்கள், கசங்கிய ஓர் ஒப்பந்தம்.

கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது 2021 ஜூலை 1 அன்றுதான். அதற்குப் பத்து நாள் முன்பு, வீரர்களுக்கான கல்விச் சலுகைகளுக்கு வரம்பு போட்டதை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் இந்த ஊர் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பரம எதிரியான மிச்சிகன் அணியை வென்றால், எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமான ஓஹையோ ஸ்டேட்டின் வீரர்களுக்குக் கால்சட்டை வடிவில் ஒரு குட்டித் தங்கப் பதக்கம் தருவது பழைய வழக்கம். அதையும் இன்னும் சில நினைவுப் பொருள்களையும் விற்று, பச்சை குத்திக்கொள்ளவும் கைச்செலவுக்கும் பயன்படுத்தினார்கள் என்று 2010 டிசம்பரில் ஐந்து வீரர்களைத் தடை செய்தார்கள். அடுத்த மே மாதம் பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸல் பதவி விலகினார். அந்தப் பருவத்தின் வெற்றிகளையே ஏட்டிலிருந்து அழித்தார்கள். லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிற மைதானம் அந்த அணியுடையது. தான் ஜெயித்து வாங்கிய பொருளை ஒரு பையன் விற்றது குற்றம் என்று ஊரே பேசியது. அன்றும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அதனால் இந்தப் பணம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். வந்த விதத்தில்தான் மனத்தாங்கல்.

அந்தப் பையனின் கணக்குக்கு வருகிறேன். உள்ளூர் கார் விற்பனையாளர் ஒருவர் பத்து மாதம் ஓட்ட ஒரு பிக்கப் வண்டி கொடுத்திருந்தார். பதிலுக்குக் கடைத் திறப்பு, கையெழுத்துப் போடும் நாள்கள், இன்ஸ்டாகிராமில் படங்கள். வண்டியின் பயன்பாட்டு மதிப்பு சுமார் 8,000 டாலர். மற்ற இரண்டு இடங்களிலிருந்து ரொக்கமாக 22,000. ஆக மொத்தம் 30,000. “வண்டிக்குமா வரி, மேம்? அதைத்தான் திருப்பிக் கொடுத்துட்டேனே?” என்று கேட்டான். ஓட்டிய பத்து மாதமும் வருமானம்தான் என்று விளக்கினேன்.

சம்பளம் வாங்குபவருக்கு வரி முதலிலேயே பிடித்தம் ஆகிவிடும். 1099 என்றால் யாரும் ஒரு காசுகூடப் பிடிப்பதில்லை. முழுத்தொகையும் கைக்கு வரும், முழுவதும் நம்முடையது என்று தோன்றும். மேலும் முதலாளி பாதி, தொழிலாளி பாதி என்று கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு வரி, மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டு வரி இரண்டு பங்கும் இவன் தலையில் விழும். அது மட்டும் 15.3 சதவீதம். வருமான வரி, நகர வரி எல்லாம் சேர்த்துக் கூட்டினேன். 6,000 டாலரைத் தாண்டியது. வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். போனைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினான். 412.

பணத்தை அவன் ஊதாரித்தனமாகச் செலவு செய்யவில்லை. அம்மாவின் வாடகை பாக்கி, தம்பியின் பல் வைத்தியம், பாட்டிக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி. அம்மா கைப்பையைத் திறந்து, “நான் கட்டுறேன்” என்றார். வேண்டாம் என்று இருவரையும் உட்கார வைத்து, வருமான வரித் துறையிடம் 180 நாள் அவகாசம் கேட்டு விண்ணப்பித்தேன். முந்தைய வருடம் அவனுக்கு வரியே இல்லாததால், காலாண்டுக்கு ஒருமுறை கட்டவில்லை என்ற அபராதம் விழாமல் தப்பியது.

அப்புறம் அந்த ஒப்பந்தத்தைப் படித்தேன். நான் வக்கீல் இல்லை, ஆனாலும் ஒரு வரி கண்ணில் குத்தியது. ஒரு வருட விளம்பரத்துக்குக் காசு. அந்தப் படங்களைப் பயன்படுத்தும் உரிமையோ நிறுவனத்துக்கு நிரந்தரமாக. எட்டாம் பக்கம், பொடி எழுத்து. படித்துப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, பயிற்சி முடிந்து வரும் வழியில் போனிலேயே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னான். அவனுக்குப் பத்தொன்பது வயது. எதிர்ப்பக்கம் ஒரு சட்டப் பிரிவே இருக்கும். ஒரு சட்ட உதவி மையத்தின் எண்ணைக் கொடுத்து, அடுத்த ஒப்பந்தத்தை அங்கே காட்டாமல் தொடாதே என்றேன்.

இந்த விளையாட்டில் வார்த்தைகளுக்கு விலை உண்டு. 1955இல் கொலராடோவில் ரே டெனிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி கேட்ட இழப்பீட்டை, அவர் ஊழியர் அல்ல என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. ‘மாணவ வீரர்’ என்ற சொல்லை என்சிஏஏ பரப்பியது அந்தக் காலத்தில்தான். இப்போது 2025 ஜூனில், வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்துவிட்டார். பழைய வீரர்களுக்கு சுமார் 280 கோடி டாலர். இன்றைய வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருடம் மொத்தம் 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சமரசமும் அவர்களை ஊழியர்கள் என்று சொல்லவில்லை. முழங்கால் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். எஃப்-1 விசாவில் என்ன வேலை பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று நம் பிள்ளைகள் பயந்து பயந்து இருப்பது நமக்குத் தெரியும். அதே விசாவில் பந்து உதைக்க வந்திருக்கும் ஆஸ்திரேலியப் பையன்கள், பக்கத்து லாக்கர்காரன் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்.

இப்போது எந்த வீரர் வந்தாலும் முதலில் தனியாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கச் சொல்கிறேன். வருகிற ஒவ்வொரு காசோலையிலும் முப்பது சதவீதம் அங்கே போக வேண்டும். கட்டணம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்றைக்குக் கடைசியாக நிரப்ப வேண்டியிருந்தது தொழில் என்ற கட்டம். “என்ன போடட்டும்?” என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தான். “மாணவன்” என்றார் அவர், சட்டென்று. சரி என்று தட்டினேன். சொந்தத் தொழிலுக்கான ஷெட்யூல் சியில் விளம்பரம் என்று போட்டோம். அவன் திரையை எட்டிப் பார்த்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்து எடை தூக்கி, வாரம் முழுக்க மோதி, சனிக்கிழமை இரவு ஐஸ் தொட்டியில் உட்காருகிறவன்.

“ஃபுட்பால் எங்கே வரும், மேம்?” என்றான்.

எங்கேயும் வராது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் பக்கத்தை அச்சடிக்கக் கொடுத்தேன்.