கோடு மட்டும் போட்டா அது சைக்கிள் பாதை ஆகாது

எங்க ஏரியாவுல தனி சைக்கிள் பாதை வேணும்னு கொஞ்ச பேர் சேர்ந்து விடாம கேட்டுக்கிட்டு இருக்கோம். ஒவ்வொரு தடவையும் வர்ற பதில் ஒண்ணுதான், ரோட்டோரமா கோடு போட்டுத் தர்றோம்னு. கோடு வேணாம்னு இப்ப நேராவே சொல்றோம், ஏன்னு இங்க எழுதிடறேன்.

வெறும் கோட்டுல என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு டெலிவரி வேன் வந்து அது மேலயே நிக்கும். பின்னாடி சைக்கிள்ல வர்ற 10 வயசு பொண்ணு தலையைத் திருப்பி பின்னால பாக்கணும், ஹேண்டில்பார்ல இருந்து ஒரு கைய எடுத்துக் காட்டணும், 50 கிலோமீட்டர் வேகத்துல வர்ற காருங்க நடுவுல ஒதுங்கிப் போயி வேனைத் தாண்டி மறுபடி ஓரத்துக்கு வரணும், அந்த நேரம் பாத்து டிரைவர் கதவத் திறந்துட்டா என்ன ஆகும்? எந்த அம்மா அப்பா இந்த ரோட்டுல பிள்ளைய அனுப்புவாங்க?

கார் போற ரோட்டுக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவுல கான்கிரீட் தடுப்பு இருந்தா வேன் ஏறவே முடியாது. கட்ட பணமில்லன்னு சொன்னா அதுக்கும் வழி இருக்கு. நியூயார்க்ல 2007ல நைன்த் அவென்யூல, நிக்கிற கார் வரிசைய ரோட்டுப் பக்கமா தள்ளி, அதுக்கும் நடைபாதைக்கும் நடுவுல சைக்கிள விட்டாங்க, கார் கதவு திறக்க தனியா இடைவெளியும் விட்டு. நிக்கிற காரே தடுப்பாயிடுச்சு.

அடுத்த கேள்வி, இங்க யாரு சைக்கிள் ஓட்டுறான்னு. பயத்துலதான் ஓட்டல. ஸ்பெயின்ல செவியா ஊர்லயும் முன்னாடி சைக்கிளே அபூர்வம், 2006க்கு அப்புறம் சில வருஷத்துலயே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தனிப்பாதைய ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி போட்டாங்க, ஓட்டுற கூட்டம் பல மடங்காயிடுச்சு. அங்கங்க துண்டு துண்டா போட்டிருந்தா இது நடந்திருக்காது. நெதர்லாந்தும் பொறந்ததுல இருந்தே சைக்கிள் நாடா இருக்கலங்க, 1971ல மட்டும் ரோட்டு விபத்துல 400க்கு மேல குழந்தைங்க செத்தாங்க, பெத்தவங்க தெருவுல இறங்கி மறிச்சாங்க, அந்தக் கோவம்தான் ஊரையே மாத்துச்சு.

ஆனா எல்லாத்தையும் விட முக்கியம் ஜங்ஷன். இத நிறைய பேர் விட்டுடறாங்க. ரோடு முழுக்க அழகா தடுப்பு வரும், கரெக்டா முக்குல வந்து காணாம போயிடும், திரும்புற காருக்கும் நேரா போற சைக்கிளுக்கும் மோதல் வர்றதே அங்கதான். நெதர்லாந்துக்காரங்க முக்குல சின்னத் திட்டு ஒண்ணு கட்டி, சைக்கிள் கிராஸ் பண்ற இடத்த ஒரு கார் நீளம் உள்ள தள்ளி வைக்கிறாங்க. கார்காரர் பாதி திரும்பின பிறகுதான் அந்த இடத்துக்கு வருவாரு, சைக்கிள்காரர கண்ணாடியில தேட வேண்டியதில்ல, முன்னாடியே தெரிவாரு. முக்குல வளைவ இறுக்கமா வச்சா கார் வேகமும் தானா குறையும்.

கேக்குற முறையும் மாறணும். சைக்கிள் பிரியருங்க பேசுறத விட, பள்ளிக்கூடத்துல பிள்ளைய விடுற அம்மாக்கள், வயசானவங்க, வீல்சேர்ல போறவங்க பேசினா அதிகாரி நிமிர்ந்து பாக்குறாரு. கடைக்காரங்கள கூட்டத்துல எதிரியா சந்திக்காதீங்க, முன்னாடியே போயி உக்காந்து, சரக்கு எப்ப இறங்குது, வண்டி எங்க நிக்கணும்னு கேளுங்க. "தம்பி, லோடு இறக்க இடம் விட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னாரு, அந்த இடத்த அப்பவே எங்க வரைபடத்துல சேத்துட்டோம்.

ரோடு புதுசா போடப்போற பட்டியலையும் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கோங்க. எப்படியும் தோண்டப்போறாங்க, அப்பவே தடுப்பும் கட்டினா செலவு ரொம்பக் குறையும், தார் போட்ட பிறகு போய் நின்னா அடுத்த தடவ பாக்கலாம்னு அனுப்பிடுவாங்க. எங்க பள்ளிக்கூட ரோடு இப்ப அந்தப் பட்டியல்ல வந்திருக்கு, ஜங்ஷன் வரைபடத்தக் காட்டாம சம்மதம் சொல்றதில்லன்னு இருக்கோம்.