தெப்பக்குளத்துச் சாயங்காலம்

லீவு நாள்ல பிள்ளைகளை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு கேட்டா எங்க வீட்டுல எப்பவும் ஒரே பதில்தான், மதுரை வண்டியூர் தெப்பக்குளம். 1645ல திருமலை நாயக்கர் வெட்டுனது, வைகைத் தண்ணி பனையூர் கால்வாய் வழியா வந்து நெறஞ்சு கெடக்குறப்ப அந்தக் காத்துக்காகவே போகலாம்ங்க. சின்னவ சுத்துச்சுவரப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாத்து, "அப்பா அந்தக் கோயிலு எப்பிடிப்பா தண்ணிக்குள்ள போச்சு"ன்னு மைய மண்டபத்தக் காட்டிக் கேப்பா, தைப்பூசத்துக்கு மீனாட்சியம்மனும் சொக்கரும் தெப்பத்துல ஏறி அதச் சுத்தி வருவாங்கடான்னு சொன்னா பெரியவன் உடனே "தெப்பத்துக்கு மோட்டார் இருக்கா?"ம்பான். மோட்டார்லாம் இல்ல தம்பி, கரையில நின்னு ஜனங்கதான் வடம் புடிச்சு இழுப்பாங்க. அதக் கேட்டதும் அவன் மூஞ்சியப் பாக்கணுமே!

அப்புறம் பருத்திப்பால். பருத்திக்கொட்டைய ஊறவச்சு ஆட்டிப் பால் புழிஞ்சு கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுறது, சூடா ஊதி ஊதிக் குடிச்சுட்டு ரெண்டு பேருக்கும் மேலுதட்டுல மீசை. மதுரைக்காரவுங்க செல்போனக் குடுத்து பிள்ளைகள உக்கார வைக்கிறதுக்குப் பதிலா ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்கப்பா, சுவர்ப்பக்கம் மட்டும் கைய விட்றாதீங்க.