மாப்பு கேட்க மாட்டேன் என்ற அண்ணனுக்காக ஒரு மனு

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்துக்காரர்களான எங்களுக்குத் தமிழும் மலையாளமும் கலந்துதான் வாயில் வரும். அண்ணன் மேல் போட்ட கொலைக் கேஸுக்கு அப்புறம் ஒரு மலையாளச் சொல் மட்டும் எனக்கு ஆகாமல் போய்விட்டது. மாப்பு, அதாவது மன்னிப்பு. கொலையில் நிஜமாகவே கூட இருந்தவன் அப்ரூவர் ஆனான், மலையாளத்தில் அதற்கு மாப்புசாட்சி என்று பெயர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 306ஆவது பிரிவில் அவனுக்கு மன்னிப்புக் கொடுத்து உண்மையைச் சொல்லச் சொன்னார்கள், அவன் அண்ணன் பெயரைச் சொன்னான். அப்ரூவர் பேச்சை மட்டும் நம்பித் தண்டிக்க கோர்ட் தயங்கும், துணைக்கு வேறு சாட்சி வேண்டும். அதற்கு ஒரு டீக்கடைக்காரர் வந்தார். அன்றைக்கு ராத்திரி அண்ணனைத் தென்னந்தோப்பில் பார்த்தேன் என்று கூண்டில் ஏறிச் சொன்னார். ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டிலும் தோற்றோம், சுப்ரீம் கோர்ட் மனுவை ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டது.

எட்டு வருடம் கழித்து, படுத்த படுக்கையாக இருந்த அதே டீக்கடைக்காரர் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். "அக்கா, நான் பார்க்கவே இல்லீங்க" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். எனக்குத்தான் கை நடுங்கியது.

உடனே கோர்ட்டுக்கு ஓடலாம் என்று நினைத்தேன். வக்கீல் உட்கார வைத்துச் சொன்னார்: தீர்ப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர அதே கோர்ட் தன் தீர்ப்பை மாற்ற முடியாது, அதே நடைமுறைச் சட்டத்தின் 362ஆவது பிரிவு தடுக்கிறது. மிச்சமிருப்பது அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவில் கவர்னருக்குக் கருணை மனு. டீக்கடைக்காரரிடமும் அவர் எதையும் மறைக்கவில்லை. பொய்ச் சாட்சி சொன்னதாக ஒப்புக்கொண்டால் வழக்கு வரலாம், கொலை வழக்கில் அப்படிச் சொன்னதற்கு ஆயுள் வரைகூடத் தண்டனை இருக்கிறது என்றார். டீக்கடைக்காரர் யோசித்துவிட்டு, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் வாயால் வந்தபடி இருக்கட்டும், சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வாங்குங்கள். தீர்ப்புக்குப் பிறகு மாறும் சாட்சியை எல்லோரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், காசு வாங்கியிருப்பான் என்றுதான் முதலில் தோன்றும்.

எல்லாம் தயாரானது. கையெழுத்துப் போட வேண்டிய அண்ணன் மாட்டேன் என்றான். ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "செய்யாததுக்கு எதுக்கு மாப்பு கேக்கணும்? அது அவனுக்குக் கொடுத்தது" என்றான். எனக்குக் கோபம் வந்தது, பஸ்ஸில் வரும்போது அழுகையும் வந்தது. மூன்று தடவை போய்த் திரும்பினேன்.

வழி காட்டியது 1988இல் கேஹர் சிங் வழக்கில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அது ஜனாதிபதி மன்னிப்பு வழங்கும் 72ஆவது பிரிவைப் பற்றியது, ஆனால் கவர்னரின் அதிகாரமும் அதே மாதிரிதான். கருணை மனுவைப் பார்க்கும்போது சாட்சியங்களையும் ஆராயலாம், கோர்ட் சொன்னதிலிருந்து வேறு முடிவுக்கும் வரலாம் என்கிறது அந்தத் தீர்ப்பு. குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதத் தேவையில்லை. மனுவின் முதல் வரியே "நான் இதைச் செய்யவில்லை" என்று இருந்ததைப் படித்துக் காட்டிய பிறகுதான் பேனாவைக் கேட்டான். முழு மன்னிப்பு, அது முடியாவிட்டால் மீதித் தண்டனை ரத்து என்று இரண்டையும் கேட்டோம். முழு மன்னிப்பு என்றால் குற்றவாளி என்ற பெயரும் போகும், ரத்து என்றால் நாட்கள் மட்டும்தான் போகும். 14 வருடம் முடியாமல் எதுவும் கேட்க முடியாது என்று பலர் பயமுறுத்தினார்கள். அந்தக் கணக்கு பழைய நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவில் இருந்தது, கவர்னரின் அதிகாரத்தை அது கட்டுப்படுத்தாது என்று 1980இலேயே மாரு ராம் வழக்கில் சொல்லிவிட்டார்கள். கவர்னர் தானாக முடிவெடுப்பதில்லை, மந்திரிசபை சொல்வதைத்தான் செய்ய வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான்.

அப்புறம் காத்திருப்பு. போலீஸ் ரிப்போர்ட் கேட்டார்கள், அதை எழுத வேண்டியது கேஸ் போட்ட அதே ஸ்டேஷன், என்ன எழுதியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். புரபேஷன் ஆபிசர் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார், நல்ல மனிதர், மோர் மட்டும் குடித்தார். ஒரு ஆபிஸில் எங்கள் தமிழ் மனுவை வாங்க மறுத்தார்கள். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுத்துப் போய் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்கள்.

பதில் என்னவோ மலையாளத்தில்தான் வந்தது. வாய்விட்டுப் படித்தேன், "சிக்ஷா இளவு". அம்மா காதில் அது இழவு என்று விழுந்து, வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். இளவு என்றால் சலுகை அம்மா, அண்ணன் வருகிறான் அம்மா என்று புரிய வைப்பதற்குள் தெருவே கூடிவிட்டது.

மீதித் தண்டனைதான் ரத்து, முழு மன்னிப்பு இல்லை. டீக்கடைக்காரர் வாக்குமூலம் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. முக்கியமான விஷயத்தைப் பார்க்காமல் போட்ட உத்தரவை ஹைகோர்ட்டில் கேள்வி கேட்கலாம், 2006இல் ஆந்திராவின் எபூரு சுதாகர் வழக்கில் அதற்கு வழி இருக்கிறது என்கிறார் வக்கீல். அண்ணன் போதும் என்கிறான். அவனிடம் சொல்லாமல், ஃபைல் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறேன், தமிழில்.