இலைக்கஞ்சியும் குந்தியிருத்தலும்

இலைக்கஞ்சிக்குக் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரைக் கட்டு வாங்கினால் இலையை மட்டும் கிள்ளாதீர்கள், இளந்தண்டும் சேரட்டும். சதுப்பில் வளர்வது, மூன்று தண்ணீரில் அலசியே ஆகவேண்டும்.

இருவருக்கு: சிவப்புப் பச்சையரிசி நான்கு மேசைக்கரண்டி, தண்ணீர் நான்கு கப். அரை மணி நேரம் குழைய வேகட்டும். ஒரு கைப்பிடி வல்லாரையை அரைக் கப் தண்ணீரோடு பிளெண்டரில் அடித்து வடியுங்கள். அரைக் கப் தேங்காய்ப்பாலும் உப்பும் முதலில். இலைச்சாறு கடைசியில், மெல்லிய தீயில் இரண்டே நிமிடம். கூடக் கொதித்தால் பச்சையத்திலுள்ள மக்னீசியம் கழன்று கஞ்சி காக்கி நிறமாகும். தேசிக்காய் பிழிந்தாலும் அதே கதிதான். தொட்டுக்கொள்ளக் கித்துள் (கூந்தற்பனை) பனங்கட்டி ஒரு துண்டு. ஆனால் சீனி வருத்தம் உள்ளவர்கள் அதை விடுங்கள், அரிசியையும் பாதியாக்குங்கள். குழைந்த சோறு இரத்தச் சீனியை வேகமாக ஏற்றும்.

கஞ்சி வேகும் அரை மணியில் குந்தியிருந்து பழகலாம். கதவுநிலையைப் பிடித்தபடி 30 விநாடி, நான்கு தடவை. குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பினால் பெரும்பாலும் கெண்டைத்தசை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். குதிக்காலின் கீழ் ஓர் அங்குலப் பலகை வையுங்கள், வாரங்கள் போகப்போக மெல்லியதாக்குங்கள். முழங்காலுக்குள் குத்தினால் நிறுத்திவிடுங்கள்.