ஏலம் எடுத்தவர் பணம் கட்டாத ஐந்து நாள்

ஏலம் முடிய ஒன்பது நிமிடம் இருந்தபோது என் கேமராவுக்கு மூன்று பேர் மோதிக்கொண்டிருந்தார்கள். யாஷிகா மேட் 124ஜி. முகத்தில் இரண்டு லென்ஸ், வயிற்றோடு சேர்த்துப் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும், 120 என்கிற அகல ஃபிலிம் ரோலில் 12 சதுரப் படம் விழும். நான் ஃபிலிம் போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. அலமாரியில் தூங்குவதை யாராவது பயன்படுத்தட்டும் என்று ஓர் இணையத் தளத்தில் ஏழு நாள் ஏலத்தில் போட்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் தொகை தொடக்க விலையைப் போல மூன்று மடங்கைத் தாண்டியது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று கூவ ஆளில்லை. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்ததும் ‘விற்பனையானது’ என்று பச்சையில் ஒரு வரி வந்தது.

அந்த ஒரு வரியை நம்பி அன்றிரவே கேமராவைக் குமிழ்த்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, மேலே கறுப்பு மார்க்கரால் ஏலம் எடுத்தவரின் பெயரையும் எழுதிவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை. இரண்டாவதாக வந்தவர், “அவர் எடுக்கவில்லை என்றால் சொல்லுங்கள்” என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அவருக்கு, “விற்றுவிட்டது, மன்னிக்கவும்” என்று பதில் போட்டேன். பெட்டியாவது பரவாயில்லை, பிரித்துக்கொள்ளலாம். இந்தப் பதிலைத்தான் பின்னால் நொந்துகொண்டேன்.

முதல் நாள் சத்தமே இல்லை. தளமே ஒரு நினைவூட்டல் அனுப்பும் என்பதால் நானும் பேசாமல் இருந்தேன். எல்லாரும் ஏலம் முடிந்த நொடியில் திரைமுன் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அதிகபட்சத் தொகையை முதலிலேயே கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம்.

இரண்டாம் நாள் மாலை சுருக்கமாக எழுதினேன். “வணக்கம். கேமரா உங்களுக்குத்தான் வந்திருக்கிறது. பணம் வந்த மறுநாளே அனுப்பிவிடுவேன். ஏதாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.” இதைவிட நீளமாக ஒன்றை எழுதி அழித்திருந்தேன். அதில் ‘பொறுப்பு’ என்ற சொல் இரண்டு முறை இருந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை. தளத்தின் செய்திப்பெட்டியில் நாம் எழுதுவதையெல்லாம் நாளைக்குத் தகராறு என்று வந்தால் மூன்றாவது ஆள் ஒருவர் படிப்பார். அவர் படிக்கும்போது நம் பக்கம் சாதுவாக இருப்பது நல்லது.

இரவு பதில் வந்தது. “பயணத்தில் இருக்கேன் பிரதர், நாளைக்குக் கண்டிப்பா.”

மூன்றாம் நாள் ‘நாளைக்கு’ வந்தது, பணம் வரவில்லை. பதிலுக்கு ஒரு யோசனை வந்தது. “தளத்துல கட்டினா உங்களுக்குக் கமிஷன் பிடிப்பாங்க. உங்க நம்பர் கொடுங்க, நேரா அனுப்பிடறேன். உங்களுக்கும் லாபம்தானே?” கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தளத்துக்கு வெளியே பணம் கைமாறினால் தளத்தின் பாதுகாப்பு இரண்டு பேருக்குமே போய்விடும், பெரும்பாலான தளங்களில் அது விதிமீறலும்கூட. வெளியே போனதும் அடுத்து என்ன வரும் என்பதும் ஊரறிந்த கதை. ‘அனுப்பிவிட்டேன்’ என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அல்லது கூடுதலாக அனுப்பிவிட்டதாகவும் மிச்சத்தைத் திருப்பித் தரும்படியும் கேட்பார்கள். என் ஆள் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை, எனக்கு இன்றுவரை தெரியாது. “தளத்திலேயே கட்டிவிடுங்கள்” என்று ஒரு வரியோடு நிறுத்தினேன்.

நான்காம் நாள்தான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது.

“பிரதர், இதோட பேட்டரி இப்ப கிடைக்காதாமே?”

கிடைக்காதுதான். இந்தக் கேமராவின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரியைச் சூழல் காரணங்களுக்காகத் தடை செய்து வெகுகாலம் ஆகிறது. சாதாரண 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மானி கொஞ்சம் பொய் சொல்லும். செவித்துணைக் கருவிகளில் போடுகிற துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு சின்ன வளையத்தோடு பொருத்திப் பலரும் சமாளிக்கிறார்கள். ஷட்டர் முழுக்க இயந்திரம்தான், ஒரு நொடியிலிருந்து ஐநூறில் ஒரு பங்கு நொடி வரை பேட்டரியே இல்லாமல் ஓடும். இத்தனையையும் விற்பனைக் குறிப்பின் மூன்றாவது பத்தியில் எழுதியிருந்தேன். மானியின் முள் எங்கே நிற்கிறது என்று படமும் போட்டிருந்தேன்.

“அப்ப விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க. கால்வாசி குறைச்சா இப்பவே கட்டறேன்.”

சரி, இதுதான் விஷயம். ஏலத்தில் எல்லாரையும் முந்திவிட்டு, மற்றவர்கள் கலைந்துபோன பிறகு தனியாக உட்கார்ந்து பேரம் பேசுவது. ஏலத்துக்குமுன் கேட்டிருந்தால் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பேன், குறைத்தும் இருக்கலாம். ஏலத்துக்குப் பின் கேட்டால் அது மற்ற இரண்டு பேரையும் ஏமாற்றுவது. அந்த விலைக்கு என்றால் அவர்களில் ஒருவர் எடுத்திருப்பார்.

இவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பணம் கட்டாதவர்கள் எல்லாரும் ஒரே ரகமும் அல்ல. புள்ளியைத் தவறான இடத்தில் வைத்துப் பத்து மடங்கு தொகையை அடித்துவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் போனை நோண்டியதால் மாட்டியவர்கள் உண்டு. ஒரே மாதிரிப் பொருள் நான்கு இடத்தில் ஏலத்துக்கு வர, நான்கிலும் கேட்டுவைத்து, முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேகத்தில் ஏறிவிட்டு விடிந்ததும் வருந்துகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். ‘வென்றவரின் சாபம்’ என்று இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு பெயர் உண்டு. 1971இல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூன்று பேர், எண்ணெய் வயல் குத்தகை ஏலங்களைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. பொருளின் மதிப்பை எல்லாரையும்விடக் கூடுதலாக ஊகித்தவர்தான் ஏலத்தை வெல்கிறார், ஆகவே வென்றவர் தப்பாக ஊகித்திருக்க வாய்ப்பு அதிகம். கோடிக்கணக்கில் புரட்டுகிறவர்களுக்கே அந்தக் கதி என்றால் கேமரா வாங்குகிறவரைக் குறை சொல்லி என்ன செய்ய? நேராக, “அவசரப்பட்டுவிட்டேன், மன்னியுங்கள்” என்று முதல் நாளே சொன்னால் நான் ஒரு நிமிடத்தில் விட்டுக்கொடுத்திருப்பேன். இழுத்தடித்ததுதான் கோபம்.

ஐந்தாம் நாள் காலையில் ரத்து செய்யப் போனேன். நாள் கணக்கு தளத்துக்குத் தளம் வேறுபடும். ஈபேயில் வாங்குபவருக்கு நான்கு நாள் அவகாசம், அதற்குப் பிறகு விற்பவர் ரத்து செய்யலாம். தானாகவே ரத்தாகும்படி முன்கூட்டியே அமைத்தும் வைக்கலாம். நான் விற்ற தளத்திலும் ஏறக்குறைய இதே முறைதான்.

ரத்துப் பொத்தானை அழுத்தினால் காரணம் கேட்கும். அங்கேதான் கவனம் வேண்டும். என் ஆள் அதற்கும் தயாராக இருந்தார். “நான் கேட்டதா சொல்லி ரத்து பண்ணிடுங்க பிரதர், ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை.” எனக்கும் ஒரு கணம் அதுதான் சுலபமாகப் பட்டது. விரல்கூட அந்த வரிமேல் போய்விட்டது. ‘வாங்குபவர் கேட்டுக்கொண்டார்’ என்று போட்டால் அவர் கணக்கில் ஒன்றும் பதியாது, அடுத்த விற்பவரிடம் சுத்தமாகப் போய் நிற்பார். ‘பொருள் கைவசம் இல்லை’ என்று போட்டால் இன்னும் மோசம், குற்றம் நம் கணக்கில் ஏறும். ‘வாங்குபவர் பணம் கட்டவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் நடந்தது. விற்பனைக் கமிஷனும் அந்தக் காரணத்தோடேயே திரும்ப வரவு வைக்கப்பட்டது.

காட்டமாக ஒரு மதிப்பீடு போடலாமா என்று கை துறுதுறுத்தது உண்மை. ஈபேயில் அதற்கு வழியே கிடையாது. 2008இலிருந்து விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு போட முடியாது. நல்ல மதிப்பீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு உள்ளே வசை எழுதுவதும் விதிக்குப் புறம்பு. ஆகவே ரத்துக் காரணம் ஒன்றுதான் நாம் விட்டுச்செல்கிற தடயம். அப்புறம் அவரைத் தடைப் பட்டியலில் சேர்த்தேன், வேலை முடிந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாவதாக வந்தவரிடம் போகும்போதுதான் உண்மையான சேதம் தெரிந்தது.

‘இரண்டாம் வாய்ப்பு’ என்று ஒரு வசதி உண்டு. வென்றவர் கழன்றுகொண்டால் அடுத்தவருக்கு, அவர் கேட்ட அதிகபட்சத் தொகைக்கே பொருளைத் தர முன்வரலாம். அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு கேள்விதான் வந்தது. “தப்பா நினைக்காதீங்க சார், விலையை ஏத்த நீங்களே வேற பேர்ல கேட்டீங்களா?”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் இடத்தில் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாமவரின் உச்சம் 400, இவருடையது 620, வென்றவருடையது 700 என்று வைத்துக்கொள்வோம். தானியங்கி ஏலத்தில் நம் உச்சத்தொகை அப்படியே போய்விடாது, எதிராளியை ஒரு படி தாண்டத் தேவையான அளவுதான் ஏறும். வென்றவர் ஒருவர் வராமலே இருந்திருந்தால் இவர் 410க்கு வென்றிருப்பார். இப்போது பணம் கட்டாத ஒருவர் உள்ளே புகுந்து வெளியே போனதால், அதே பொருளை 620க்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். விதிப்படி அது சரி. ஆனால் இடையில் இருக்கிற அந்த 210 யாரோ ஒருவரின் பொய்க் கேட்பினால் உருவான தொகை. ஏலத்தில் கள்ள ஆள் வைத்து விலை ஏற்றுகிற விற்பவரும் இதே வரிசையில்தான் வருவார். முதலில் ஒருவர் ‘வெல்வார்’, அப்புறம் ‘அவர் எடுக்கவில்லை’ என்று அடுத்தவருக்குச் செய்தி போகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

நடந்ததை எழுதி, ரத்தான ஆர்டரின் படத்தையும் பெயரை மறைத்து அனுப்பினேன். விலையையும் நடுவில் ஒரு இடத்துக்குக் கொண்டுவரத் தயார் என்றேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். நம்புவதாகவும், ஆனால் நேற்றே வேறு ஒன்றை வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். முதல் இரவில் கதவைச் சாத்தாமல், “பணம் வரும்வரை பொறுங்கள், நாலு நாளில் தெரிந்துவிடும்” என்று எழுதியிருந்தால் அவர் காத்திருந்திருப்பார் என்றே தோன்றுகிறது. இழுத்தடித்தவர்மேல் பாதி, என்மேல் பாதி.

மறுபடி ஏலம் விடவில்லை. அதே பொருள் பத்து நாளில் மறுபடி வந்தால் பழக்கப்பட்டவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், என்ன கோளாறோ என்று. நிலையான விலை ஒன்றைப் போட்டு, ‘உடனே பணம் கட்டினால்தான் ஆர்டர் உறுதி’ என்கிற அமைப்பை வைத்தேன். பணம் வரும்வரை பொருள் மற்றவர்களுக்கும் திறந்தே இருக்கும், யாரும் கைவைத்துப் பூட்ட முடியாது. முன்பு பணம் கட்டாமல் ரத்தான ஆர்டர்கள் இத்தனைக்கு மேல் இருப்பவர்கள் வாங்க முடியாதபடி ஒரு தடையும் அமைப்புகளில் இருந்தது. இவ்வளவு காலம் அது கண்ணில் பட்டதே இல்லை. குறிப்பில் பேட்டரி விஷயத்தை மூன்றாம் பத்தியிலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். ‘முந்தைய ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டவில்லை’ என்று ஒரு வரி, பெயர் இல்லாமல், கடைசியில்.

விலை, ஏலத்தில் நின்ற தொகையைவிடக் குறைவுதான். ஆனால் என் ஆள் கேட்ட கால்வாசித் தள்ளுபடியைவிட அதிகம். இதைப் பார்த்து ஒரு சின்ன சந்தோஷம் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் நாள் விற்றது. ஒரு கேள்வியும் கேட்காமல் ஒருவர் பணம் கட்டினார். ஸ்கிரீன்ஷாட்டையோ மின்னஞ்சலையோ நம்பாமல், என் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தேன். முதல் இரவு கட்டிய அதே பெட்டி. மார்க்கர் எழுத்தை அழிக்க முடியவில்லை, மேலே வெள்ளைத்தாள் ஒட்டிப் புதுப் பெயரை எழுதி அனுப்பினேன்.

பொருள் போய்ச் சேர்ந்த அன்று அவரிடமிருந்து செய்தி வந்தது. கேமரா நன்றாக இருக்கிறதாம், ஷட்டர் ஒரு நொடியில் சரியாக விழுகிறதாம். கூடவே ஒரு கேள்வி: “தாளுக்கு அடியில் வேற ஒரு பேர் தெரியுதே சார், யாரு அது?”